கடைசி பெஞ்சில் யார் உட்காருவார்கள்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, ஆசிரியர் படிப்பைப் பற்றி நிறையக் கடிதங்கள். அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். பதில் சொல்பவர், அரசுக் கல்வியியல் கல்லூரியில் கணிதம் கற்பித்தல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியை.

*

கேள்வி: அம்மா, பிளஸ் டூவில் கணிதம், உயிரியல் எடுத்து முடித்திருக்கிறேன். கணக்கு டீச்சர் ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. நான்கு வருட பி.எஸ்சி., பி.எட். சேரலாமா, இல்லை பி.எஸ்சி. முடித்துவிட்டு பி.எட். போகலாமா? அப்பா ஒன்று சொல்கிறார், கணக்கு சார் வேறு சொல்கிறார்.
— மாணவி, திண்டிவனம்

அப்பா எந்தக் கட்சி, சார் எந்தக் கட்சி என்று எழுதாமல் விட்டுவிட்டாய். பரவாயில்லை, இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும்.

முதலில் வருடக் கணக்கைப் பார்த்துவிடுவோம். முன்பெல்லாம் பி.எட். ஒரே வருடம். மூன்றும் ஒன்றும் நான்கு. நான்காண்டுப் படிப்பில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் காலம் ஒன்றுதான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., 2014இல் கொண்டுவந்த விதிகளால் 2015-16இலிருந்து பி.எட். இரண்டு வருடம் ஆயிற்று. மூன்றும் இரண்டும் ஐந்து. அப்புறம்தான் எல்லாருடைய பார்வையும் ஒருங்கிணைந்த படிப்பின் பக்கம் திரும்பியது. ஆக, மிச்சம் ஒரு வருடம். ஒரு வருடக் கட்டணம், ஒரு வருட ஹாஸ்டல் செலவு. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை.

ஆனால் அந்த ஒரு வருடத்துக்காக மட்டும் சேராதே. இந்தப் படிப்பின் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. பி.எஸ்சி. முடித்துவிட்டு பி.எட். வரும் பிள்ளைகளிடம் நான் எப்போதும் பார்த்தது இது: வகையீடு, தொகையீடு எல்லாம் பரீட்சைக்குப் போட்டுத் தள்ளியிருப்பார்கள். 'பூஜ்ஜியத்தால் ஏன் வகுக்கக் கூடாது' என்று ஆறாம் வகுப்புப் பையன் கேட்டால் விழிப்பார்கள். பி.எட்.டில் உட்கார்ந்து கணக்கை மறுபடி படிக்க நேரம் கிடையாது. அங்கே உளவியலும் கற்பித்தல் முறையும்தான். நான்காண்டுப் படிப்பை ஒழுங்காக நடத்தும் இடத்தில் கணக்கும் கற்பித்தலும் கூடவே வளரும். காலையில் பகுமுறை வகுப்பு, மதியம் அதே ஆளோ பக்கத்து அறை ஆசிரியரோ 'இதையே ஒன்பதாம் வகுப்புக்கு எப்படிச் சொல்வாய்' என்று கேட்பார். அந்தக் கேள்வியை நான்கு வருடம் கேட்டுப் பழகியவள் வேறு மாதிரி டீச்சராக வெளியே வருவாள்.

ஒழுங்காக நடத்தும் இடம் எது என்பதுதான் அடுத்தது. நெடுநாளாகப் பெயர் பெற்ற இடம் மைசூரு. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி. 1963இல் அஜ்மீர், போபால், புவனேஸ்வர், மைசூரு என நான்கு ஊர்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகளைத் தொடங்கியது. இன்று அவை மண்டலக் கல்வி நிறுவனங்கள். தென் மாநிலங்களுக்கு மைசூருதான். வளாகத்துக்குள்ளேயே ஒரு மாதிரிப் பள்ளி உண்டு. படிக்கிற இடத்திலிருந்து நடந்து போய்ப் பாடம் நடத்திவிட்டு வரலாம். திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்திலும் நான்காண்டு பி.எஸ்சி., பி.எட். உண்டு, தனியார்தான், ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். இவை போக, நம் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் தனியார் கல்லூரிகள் சில நடத்திவந்தன. இதில் ஒரு எச்சரிக்கை: பழைய நான்காண்டுப் படிப்புகளையெல்லாம் ஐ.டி.இ.பி. என்ற புதிய ஒருங்கிணைந்த திட்டத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறது என்.சி.டி.இ. எனவே 'எங்களுக்கு அங்கீகாரம் உண்டு' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. எந்தப் படிப்புக்கு, எந்தக் கல்வியாண்டுக்கு என்று ஆணையைக் கையில் வாங்கிப் பார்.

இன்னொன்று. மைசூரு மாதிரி இடங்களில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் ஏறக்குறையச் சம எடையில் படிப்பார்கள். ஆசிரியருக்கு அது நல்லதுதான். ஆனால் இங்கே சான்றிதழ் சரிபார்ப்பில் 'உன் முதன்மைப் பாடம் எது' என்று கேட்பார்கள். பட்டத்துக்கு இணைத்தன்மை ஆணை, அதாவது இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற ஆணை, இருக்கிறதா என்று சேரும் முன்பே கேட்டுவை. கேந்திரிய வித்யாலயா பக்கம் போகிற எண்ணம் இருந்தால் இந்தக் கவலை குறைவு. அவர்களுடைய விதியிலேயே இந்த மண்டல நிறுவனங்களின் நான்காண்டுப் பட்டம் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது, 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும்.

எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கட்டடத்தையும் லேபையும் பார்த்து மயங்காமல் இரண்டு கேள்வி கேள். பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புவீர்கள்? நான் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் யார் உட்காருவார்கள்? என் பாட ஆசிரியரே வந்து உட்கார்ந்து, வகுப்பு முடிந்ததும் தனியே கூப்பிட்டுப் பேசுவார் என்று பதில் வந்தால் நல்ல கல்லூரி. 'அதெல்லாம் ஸ்கூல்லயே பாத்துப்பாங்க' என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பு.

என் யோசனை: மேலே சொன்ன இடங்களுக்கு முயற்சி செய். கிடைக்காவிட்டால் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்து நன்றாகப் படி, பிறகு அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்வியியல் கல்லூரியில் பி.எட். கடன் வாங்கிப் பெயர் தெரியாத நான்காண்டுக் கல்லூரிக்குப் போக வேண்டாம். 2030க்குள் நான்காண்டுப் பட்டம்தான் குறைந்தபட்சத் தகுதி என்று தேசியக் கல்விக் கொள்கை சொல்வதைக் காட்டி யாராவது பயமுறுத்தலாம். அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. இன்றைய விதிப்படி கணக்கு டீச்சர் வேலைக்கு இரண்டாண்டு பி.எட். எல்லா இடத்திலும் செல்லும்.

*

கேள்வி: க்யூட் எழுதியிருக்கிறேன். அந்த மதிப்பெண்ணை வைத்து ஐ.டி.இ.பி.யில் சேர முடியுமா?
— மாணவர், தென்காசி

முடியாது தம்பி. க்யூட் என்பது மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு. ஐ.டி.இ.பி.க்குத் தனித் தேர்வு, என்.சி.இ.டி. என்று பெயர். நடத்துவது அதே தேசியத் தேர்வு முகமைதான் என்பதால் நிறையப் பேர் குழம்பிப் போகிறார்கள். 2023-24 கல்வியாண்டில் ஐ.டி.இ.பி. முன்னோட்டமாகத் தொடங்கியபோது வந்த தேர்வு. தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். இரண்டு மொழித்தாள், நீங்கள் தேர்ந்தெடுக்கும் மூன்று பாடங்கள், ஒரு பொதுத் தேர்வு, அப்புறம் கற்பித்தல் நாட்டம் என்று ஒரு பகுதி. இந்தக் கடைசிப் பகுதிக்குத் தனியாகக் கோச்சிங் போக வேண்டியதில்லை. ஒரு வகுப்பறைச் சூழ்நிலையைக் கொடுத்து என்ன செய்வாய் என்று கேட்பார்கள். பிள்ளையை அடிக்காத, அவமானப்படுத்தாத, தலைமையாசிரியரிடம் தள்ளிவிடாத பதில் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மதிப்பெண் வந்ததோடு வேலை முடிந்துவிடாது. நீங்கள் விரும்பும் நிறுவனத்தின் சேர்க்கை அறிவிப்பைத் தனியாகப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு 50 இடம்தான் என்பதையும் மனதில் வையுங்கள்.

*

கேள்வி: நான்கு வருடப் படிப்பு முடித்தால் டெட் எழுத வேண்டாம் என்கிறார்களே?
— பெற்றோர், ஆத்தூர்

யார் சொன்னது? டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுதத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு டெட் இரண்டாம் தாளில் தேறி, அதன்பின் நியமனத் தேர்வும் எழுத வேண்டும். 2018இல் போட்ட அரசாணை 149இன்படி இந்த இரண்டாவது தேர்வு வந்தது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே பணியில் இருக்கிறவர்களே, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று சொல்லிவிட்டது. இருபது வருடம் பாடம் நடத்தியவர்கள் கைடு வாங்கிக்கொண்டு அலைகிற நேரத்தில், புதிதாக வருகிறவர்களுக்கு யார் விலக்குத் தரப் போகிறார்கள்? ஒரு ஆறுதல், ஒருமுறை தேறினால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும்.

*

கேள்வி: என் மகள் பி.ஏ. முடித்து ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறாள். ஒரு கல்லூரியில் 'வகுப்புக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், கொஞ்சம் கூடுதலாக ஆகும்' என்கிறார்கள். சேர்க்கலாமா?
— தந்தை, ஈரோடு மாவட்டம்

சேர்க்காதீர்கள்.

இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை என்றாலும், கோபம் தீரவில்லை, எழுதுகிறேன். விதிப்படி பி.எட்.டுக்கு வகுப்பு வருகை 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வேண்டும். இரண்டு வருடத்தில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. நீங்கள் கொடுக்கிற 'கொஞ்சம் கூடுதல்' எதற்கென்றால், இவள் முகத்தையே பார்க்காத ஒரு தலைமையாசிரியர் 'இவர் எங்கள் பள்ளியில் பயிற்சி பெற்றார்' என்று கையெழுத்துப் போடுவதற்கு. ரெக்கார்டு நோட்டுகளை எழுதிக் கொடுக்கத் தனி ஆள், அதற்குத் தனி ரேட்.

சான்றிதழ் வந்துவிடும், சந்தேகமில்லை. அதன்பிறகு மகள் ஏதாவது ஒரு மெட்ரிக் பள்ளிக்கு இன்டர்வியூ போவாள். டெமோ கிளாஸ் எடுக்கச் சொல்வார்கள். நாற்பது பிள்ளைகள் முன்னால் சாக்பீஸோடு நிற்கும்போது அவளுக்கு என்ன தெரியும்? வேலையை விட மனமில்லையென்றால் இரண்டு வருடம் சம்பளம் சேர்த்து வைத்துக்கொண்டு ரெகுலராக வந்து படிக்கட்டும். பி.எட். எங்கும் ஓடிவிடாது.

*

கேள்வி: அம்மா, நான்காண்டு பி.எஸ்சி., பி.எட். கடைசி வருடம். இப்போது இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். ஏழாம் வகுப்புக்குப் பின்னக் கூட்டல் நடத்தினேன். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் என்ன என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து 'அஞ்சில் ரெண்டு' என்றான். தப்பு என்றேன். 'இல்ல டீச்சர், மொத டெஸ்ட்ல ரெண்டுக்கு ஒண்ணு வாங்கினேன், அடுத்த டெஸ்ட்ல மூணுக்கு ஒண்ணு. மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுதானே?' என்றான். வகுப்பே சிரித்தது. எல்.சி.எம். எடுத்துப் போடு என்று உட்கார வைத்துவிட்டேன். அன்றிலிருந்து வகுப்புக்குள் போகவே பயமாக இருக்கிறது. நான் ஆசிரியர் வேலைக்கு லாயக்கா?
— பயிற்சி ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

லாயக்கு. இந்தக் கேள்வியை எழுதி அனுப்பத் தோன்றியதே, அது போதும். இந்தக் கட்டில் வந்த கடிதங்களிலேயே எனக்குப் பிடித்தது உன்னுடையதுதான். அந்தப் பையனையும் எனக்குப் பிடித்திருக்கிறது.

அவன் மார்க் கணக்கில் சொன்னது தப்பே இல்லை. இரண்டு டெஸ்டையும் சேர்த்தால் ஐந்துக்கு இரண்டுதான். அதனால்தான் 'தப்பு' என்றதும் அவனுக்கு அடங்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே? அரை என்று நீ சொன்னபோது ஒரே முழுப்பொருளின் அரை, அதே முழுப்பொருளின் மூன்றில் ஒரு பங்கு. அவனுடைய டெஸ்டில் முழுப்பொருள் மாறுகிறது. முதலில் இரண்டு மார்க், அடுத்து மூன்று மார்க், கடைசியில் ஐந்து மார்க்.

நாளைக்குப் போய் அவனிடம் ஒன்றே ஒன்று கேள்: 'அஞ்சில் ரெண்டு பெரிசா, அரை பெரிசா?' கொஞ்சம் யோசித்து அரை என்பான். 'அப்போ அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா அரையைவிடக் குறையுமா?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில். அவசரப்பட்டு நீயே விடையைச் சொல்லிவிடாதே. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் உள்ள வியாதி இது: கேள்வி கேட்டுவிட்டு மூன்று வினாடிகூடப் பொறுக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு தாள் எடு. பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கம் போதும். நீளவாக்கில் நடுவில் ஒரு மடிப்பு, அரை. அதே தாளைக் குறுக்குவாக்கில் மூன்றாக மடி. பிரித்தால் ஆறு கட்டம். அரை என்பது மூன்று கட்டம், மூன்றில் ஒன்று என்பது இரண்டு கட்டம். ஆறில் ஐந்து. அவனையே எண்ணச் சொல். எண்ணி முடித்ததும், 'உன் மார்க் கணக்கு எப்போ சரி, இந்தத் தாள் கணக்கு எப்போ சரி' என்று வகுப்பு முழுவதையும் கேள். அன்று பாடத்திட்டத்தில் எழுதிய மற்ற கணக்குகள் நடக்காமல் போனால் போகட்டும். எல்.சி.எம். என்பது அந்த ஆறு கட்டத்தைத் தாள் இல்லாமல் கண்டுபிடிக்கிற வழி என்று அவர்களுக்கே பிடிபட்டுவிடும்.

உன் கல்லூரியில் இதைச் சொல்லித் தரவில்லையே என்று ஆதங்கப்படாதே. கணிதம் தெரிவது ஒன்று, கற்பிக்கும் முறை தெரிவது ஒன்று. ஒரு பிள்ளை எந்த இடத்தில், எந்த நியாயத்தோடு தடுமாறும் என்று தெரிவது மூன்றாவது. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986இல் இதைத் தனி வகை அறிவாகவே பிரித்துச் சொன்னார். ஆனால் இதை எந்த ஊரிலும் புத்தகத்தில் மட்டும் படித்துவிட முடியாது. மைக்ரோ டீச்சிங்கை எடுத்துக்கொள். 1960களில் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த முறை. ஐந்தாறு நிமிடப் பாடம், ஒரு நேரத்தில் ஒரே திறன், உடனே விமர்சனம். நல்ல யோசனைதான். நம் கல்லூரிகளில் என்ன நடக்கிறது? கூடப் படிக்கிற பிள்ளைகளே ஏழாம் வகுப்பாக நடிப்பார்கள். 'குட் மார்னிங் டீச்சர்' என்று எழுந்து நிற்பார்கள். கேட்டதற்கெல்லாம் சரியான பதிலைச் சொல்வார்கள். 'அஞ்சுக்கு ரெண்டு' என்று சொல்ல ஒருத்தியும் இருக்க மாட்டாள். அந்தப் பதில் நிஜப் பள்ளியில்தான் கிடைக்கும். அதனால்தான் நான் அந்த 16 வாரத்தை இவ்வளவு பிடித்துக்கொண்டு பேசுகிறேன்.

பயம் பற்றி. வகுப்பு சிரித்தது உன்னைப் பார்த்து இல்லை, அவன் மார்க்கைப் பார்த்து. உன் வழிகாட்டி ஆசிரியரிடம் இந்தச் சம்பவத்தை அப்படியே சொல். நல்லவராக இருந்தால் தன் வகுப்பில் நடந்த இதைவிட மோசமான ஒன்றைச் சொல்லுவார். அன்றன்று வகுப்பில் காதில் விழுந்த தவறான விடைகளை ஒரு நோட்டில் குறித்துவை. ரெக்கார்டுக்காக ராத்திரி முழுக்கக் கலர் ஸ்கெட்ச்சில் பார்டர் போடுகிறீர்களே, அதில் பாதி நேரம் போதும்.

*

கேள்வி: பள்ளி முழுவதும் தமிழ் வழி. ஆங்கில வழியில் பி.எஸ்சி., பி.எட். சேர்ந்தால் தமிழ் வழி ஒதுக்கீடு கிடைக்குமா?
— மாணவி, புதுக்கோட்டை மாவட்டம்

கிடைக்காது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை என்பது 2010ஆம் ஆண்டுச் சட்டம். முன்பு கடைசிப் பட்டம் மட்டும் தமிழ் வழி என்று காட்டிச் சிலர் உள்ளே வந்தார்கள். 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கும் தகுதி வரை எல்லாமே தமிழ் வழியாக இருக்க வேண்டும். பட்டதாரி ஆசிரியர் என்றால் பள்ளி, பி.எஸ்சி., பி.எட். மூன்றுமே.

உன்னிடம் பன்னிரண்டு வருடச் சொத்து இருக்கிறது. மத்திய நிறுவனங்களில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்துவார்கள், அங்கே போனால் அதை விட்டுக்கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி வேலைதான் குறி என்றால், தமிழ் வழி பி.எஸ்சி. இருக்கும் அரசுக் கல்லூரியைத் தேடு, பி.எட்.டையும் தமிழ் வழியிலேயே முடி. ஒவ்வொரு கட்டத்திலும் பயிற்று மொழிச் சான்றிதழை உடனே வாங்கி வைத்துக்கொள். பத்து வருடம் கழித்து ஒன்றாம் வகுப்புச் சான்றிதழுக்காகப் பழைய பள்ளியைத் தேடி அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சில பள்ளிகள் மூடியே போயிருக்கும். கேந்திரிய வித்யாலயா, நவோதயா என்று வெளியே போகிற எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. ஆங்கில வழியில் தைரியமாகச் சேரலாம்.

*

கேள்வி: எனக்குச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் பிடிக்கும். பி.எட். படித்தால் ஒன்றாம் வகுப்பு எடுக்கலாமா? டி.எல்.எட். படித்தால் மதிப்பில்லை என்கிறார்கள்.
— மாணவி, நாகர்கோவில்

பி.எட்.டை வைத்து ஒன்றிலிருந்து ஐந்து வரை எடுக்க முடியாது. 2018இல் என்.சி.டி.இ. அதற்கு வழிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று அந்த அறிவிப்பு செல்லாது என்று சொல்லிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு. பத்தாம் வகுப்புக்குத் திரிகோணவியல் நடத்தப் பயிற்சி எடுத்தவரை, 'அ' எழுதத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைத்தால் இரண்டு பேருக்கும் கஷ்டம்.

வழி, பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டாண்டு டி.எல்.எட்., அதாவது தொடக்கக் கல்விப் பட்டயம்; டயட் என்று சொல்கிறோமே, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், அங்கே கிடைத்தால் முதல் தேர்வு அதுதான், கட்டணம் மிகக் குறைவு. பட்டமாகவே வேண்டும் என்றால், ஐ.டி.இ.பி.யில் தொடக்க நிலைகளுக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகம் 1994இலிருந்து பி.எல்.எட். என்ற நான்காண்டுப் படிப்பை நடத்தியது. நாடகம், கதை சொல்லுதல், கைவேலை எல்லாம் அதில் பாடமாகவே இருக்கும். நாட்டிலேயே சிறந்த ஆசிரியர் படிப்பு அது என்பது என் அபிப்பிராயம். அதன் இடத்தில் ஐ.டி.இ.பி.யைக் கொண்டுவருவது பற்றி 2023இல் அங்கே பெரிய தகராறே நடந்தது.

மதிப்பில்லை என்று சொல்கிறவர்கள் சம்பளத்தை வைத்துச் சொல்கிறார்கள், அதை நான் மறைக்கப் போவதில்லை. தமிழ்நாட்டில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எடுக்கும் இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது, பட்டதாரி ஆசிரியருக்கு 36,400இல். 2009 ஜூன் 1க்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள், முன்னால் சேர்ந்தவர்களுக்குச் சமமான ஊதியம் கேட்டு வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். எழுத்துக் கூட்டக் கற்றுத் தருகிறவருக்குத்தான் இருப்பதிலேயே குறைந்த சம்பளம் என்பது எந்த ஊர் நியாயமோ எனக்கு விளங்கவில்லை. தெரிந்துகொண்டு வா. பிடித்திருந்தால் வராமல் இருக்காதே.

*

கேள்வி: பி.ஏ., பி.எட். ஆங்கிலம் படிக்கிறேன். எம்.ஏ. வரலாறு படித்தால் பிளஸ் டூ எடுக்கலாமா?
— மாணவர், சிவகங்கை

முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும். நீங்கள் சொல்வது 'கிராஸ் மேஜர்'. எம்.ஏ. ஆங்கிலமே படியுங்கள். வரலாற்றை ஆசைக்குப் படிக்க யார் தடுக்கப் போகிறார்கள்?

*

கேள்வி: வயது 32, இரண்டு பிள்ளைகள். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து வீட்டில் இருக்கிறேன். தபால் வழியில் பி.எட். படித்து டீச்சராக முடியுமா? இந்த வயதில் இது சரிவருமா?
— வாசகி, கரூர்

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுகளுக்கு ஐம்பது வயதைத் தாண்டியும் விண்ணப்பிக்க முடிகிறது. என் வகுப்பில் நன்றாகப் படித்தவர்களில் கல்யாணமாகி வந்தவர்கள் கணிசம். பிள்ளை எங்கே தடுமாறும் என்பது அவர்களுக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

தபால் வழிதான் சிக்கல். தொலைநிலைக் கல்வியில் பி.எட். படிக்க, ஏற்கெனவே தொடக்கப் பள்ளியில் பணியாற்றும் பயிற்சி பெற்ற ஆசிரியராகவோ, நேரடியாக வகுப்புக்குப் போய் ஓர் ஆசிரியர் பயிற்சி முடித்தவராகவோ இருக்க வேண்டும். நீங்கள் இரண்டிலும் வரவில்லை. 'எல்லாருக்கும் கரஸ்பாண்டன்ஸில் பி.எட்.' என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் பணம் கட்டிவிடாதீர்கள்.

ரெகுலர் இரண்டாண்டு பி.எட்.தான் உங்களுக்கு வழி. பட்டதாரிகளுக்கு இரண்டு வருடம், முதுகலையோ நான்காண்டுப் பட்டமோ இருந்தால் ஒரே வருடம் என்று 2025 பிப்ரவரியில் என்.சி.டி.இ. ஒரு வரைவு வெளியிட்டது. அதை நம்பி இப்போது எம்.எஸ்சி. சேர வேண்டாம். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கு இணையவழியில் ஒரே விண்ணப்பம். பட்டப்படிப்பில் பொதுப்பிரிவுக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 40 விழுக்காடு வேண்டும். உங்கள் மதிப்பெண்ணை எழுதவில்லை. மார்க் ஷீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, குறைவாக இருந்தால் மறுபடி எழுதுங்கள். போதுமான மதிப்பெண் இருந்தால், கலந்தாய்வில் கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது பயிற்சிப் பள்ளி உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 16 வாரம், காலை ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பஸ் பிடிக்க வேண்டியவர் நீங்கள்தான்.